கேள்வியில் இல்லாத பால்கனி

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள் தம்பி. பின்னங்கால் ஒன்று ஆடும். பார்த்தால் தெரியாது, ஆனால் உங்களைப் போல் வாட்டசாட்டமான ஆள் சாய்ந்து உட்கார்ந்தால் என்றைக்காவது ஒரு நாள் கவிழ்த்துவிடும். இதில் உட்காருங்கள். நீங்கள் கேட்கவில்லைதான். இருந்தாலும் சொல்லிவிட வேண்டுமல்லவா. கட்டடம் பார்த்தே பழகிய கண், எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் விரிசலைத்தான் தேடும். கல்யாணத்துக்குப் போனால்கூட மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்காமல் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஒரே மனுஷன் நீங்கள்தான் என்று என் மனைவி கேலி செய்வாள்.

தம்பி என்று கூப்பிட்டால் வருத்தமில்லையே? இன்ஸ்பெக்டர் என்றுதான் கூப்பிட வேண்டும், தெரியும். டீ நானே போட்டது. மனைவி வீட்டில் இல்லை. சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பால்கனி ஏன் விழுந்தது என்று ஒரு நிபுணர் அறிக்கை வேண்டும், அந்த வீட்டை ஏற்கனவே பார்த்தவர் நீங்கள்தான், நீங்களே கொடுத்துவிடுங்கள் என்கிறீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்னால், சம்பந்தப்பட்டவர்களோடு எனக்கு ஏதாவது ஒட்டு உறவோ விருப்பு வெறுப்போ உண்டா என்று வாய் திறந்து சொல்லிவிட வேண்டும். அதைக் கேட்ட பிறகு என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம். போன தடவை நான் அதைச் சொல்லவில்லை. இந்தத் தடவை சொல்கிறேன். கொஞ்சம் நேரம் பிடிக்கும். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

சிவில் வழக்கில் நிபுணர் சாட்சி என்றால் ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் தெரியுமா? கூட்டிக்கொண்டு வந்தவனுக்கு ஜால்ரா போடுகிறவன் என்று. அப்படியும் ஆட்கள் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் முறை அது அல்ல. யார் கூப்பிட்டாலும் நிபுணன் நீதிமன்றத்தின் ஆள். தெரிந்ததைச் சொல்ல வேண்டும், தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். தன்னைக் கூப்பிட்டவனுக்கே பாதகமான விஷயம் கண்ணில் பட்டால், யாரும் கேட்காவிட்டாலும் அதையும் சொல்ல வேண்டும். சொன்னது தப்பென்று பிறகு தெரிந்தால் உடனே திருத்த வேண்டும். ஒரு தரப்பாரோடு தனியாகக் குசுகுசுக்கக் கூடாது. புதிதாக வருகிற இன்ஜினீயர்களுக்கு இதை வகுப்பெடுத்திருக்கிறேன். பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள்.

நீதிமன்றமே நியமிக்கும்போது கேள்விகளை எழுதிக் கொடுத்துவிடும். அந்தக் கேள்விகளுக்கு மட்டும்தான் பதில். ஆனால் போன இடத்தில் உயிருக்கு ஆபத்தான எதையாவது பார்த்தால், கேள்வியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அன்றைக்கே தகவல் கொடுத்துவிட வேண்டும். நான் கொடுத்திருக்கிறேன். ஒரு தடவை காம்பவுண்டுச் சுவர்த் தகராறை அளக்கப் போன இடத்தில், பக்கத்து வீட்டுச் சமையலறையிலிருந்து கேஸ் வாடை வந்தது. இன்னொரு தடவை ஒரு பள்ளிக்கூடத்தின் கூரை ஒழுகலைப் பார்க்கப் போய், மாடிப்படியே உளுத்துப்போயிருந்ததைக் கண்டுபிடித்தேன். அதிகப்பிரசங்கி என்று வக்கீல்கள் முறைத்தார்கள். நீதிபதி நன்றி சொன்னார். அதனால் விதி தெரியாமல் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

எங்களுக்கு ஒரே மகள். கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். வயிற்றுவலி என்றாள், குடல்வாலை எடுக்க வேண்டும் என்றார்கள். சின்ன ஆபரேஷன், இரண்டொரு நாளில் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்கள். தியேட்டரிலிருந்து வெளியே வந்து மயக்கம் தெளிந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அப்பா, தையல் போட்ட இடத்துல விரிசல் விடுமா? நல்லா செக் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டாள். அவள் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு அந்தக் கேலிதான். சாயங்காலம் உள்ளுக்குள்ளே ரத்தம் கசிய ஆரம்பித்திருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் வராந்தாவில் உட்கார்ந்து, வீட்டுக்குப் போனதும் அவளுக்கு என்ன சமைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். மறுநாள் எங்களுக்கு மகள் இல்லை.

வழக்குப் போட்டோம். ஆஸ்பத்திரி தன் தரப்பில் ஒரு நிபுணரைக் கொண்டுவந்தது. பேர்பெற்ற சர்ஜன். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல், பார்த்தாலே கும்பிடத் தோன்றும். ஆபரேஷன் சரியாகச் செய்யப்பட்டதா என்று கேட்டார்கள், செய்யப்பட்டது என்றார். ரத்தக்கசிவு யாருக்கும் வரக்கூடியதுதானா என்று கேட்டார்கள், வரக்கூடியதுதான் என்றார். எங்கள் வக்கீல் குறுக்கு விசாரணையில் கத்தி, ஊசி, நூல் என்று ஆபரேஷனையே சுற்றிச் சுற்றி வந்தார். டாக்டர் பொறுமையாக ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஒன்றுகூடப் பொய் இல்லை. நாங்கள் தோற்றோம்.

தீர்ப்புக்குப் பிறகு நீதிமன்றத்துத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்த டாக்டர் என்னைத் தேடி வந்தார். தோளைத் தட்டிக்கொடுத்தார். "ஆபரேஷன்ல ஒரு குறையும் இல்ல சார். அதுக்கப்புறம் வார்டுலதான் கோட்டை விட்டுட்டாங்க. நர்ஸ் கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கா, டூட்டி டாக்டர் எட்டிப் பார்க்கல. பேப்பரைப் பார்த்ததுமே எனக்குப் புரிஞ்சிடுச்சு. உங்க வக்கீல் அதைக் கேட்கவே இல்லையே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார்.

ஆறுதலாகத்தான் சொன்னார் தம்பி. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. கெட்ட மனுஷனாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு வந்திருப்பேன். வக்கீலிடம் போய்ச் சொன்னேன். தாழ்வாரத்தில் பேசினதெல்லாம் சாட்சியமாகாது, கூப்பிட்டுக் கேட்டால் அப்படிச் சொல்லவே இல்லை என்பார் என்றார். அதோடு முடிந்தது. ஆனால் அந்த ஒரு வாக்கியம் எங்கள் வீட்டில் மூன்றாவது ஆளாகக் குடியேறிவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று, கேட்டிருந்தா சொல்லியிருப்பாராம் என்பேன். விடுங்க என்பாள் மனைவி. சில நாள் நான் சும்மா இருக்கும்போது அவளே அதைச் சொல்லிவிட்டு அழுவாள். அப்போது நான் விடு என்பேன்.

எத்தனையோ வருஷம் கழித்து இந்த வழக்கு வந்தது. கீழ் வீட்டில் ஒரு தையல்காரப் பெண், புருஷன் பஸ் டிரைவர். மேல் வீட்டிலிருந்து தண்ணீர் இறங்கிச் சுவரெல்லாம் ஈரம், தைக்க வந்த துணியெல்லாம் பூஞ்சணம் பூத்துப் பாழாகிறது என்று வழக்குப் போட்டிருந்தாள். நீதிமன்றம் என்னை நியமித்து மூன்று கேள்விகள் கொடுத்தது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் சரிசெய்ய வேண்டும், எப்படிச் சரிசெய்ய வேண்டும். மேல் வீட்டுக்காரர் பெயரைப் பார்த்தேன். ஓய்வுபெற்ற சர்ஜன், குழாயடியில் என் தோளைத் தட்டிய அதே ஆள்.

அப்போதே தாளைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். அதுதான் முறை. நான் என்ன நினைத்தேன் என்றால், நேர்மையான நிபுணன் எப்படி இருப்பான் என்று இந்த ஆளுக்குக் காட்டுகிறேன் பார் என்று நினைத்தேன். பெருமைதான், வேறென்ன. என் மனசு தராசு மாதிரி நிற்கும் என்று நம்பினேன்.

நின்றது, கேளுங்கள். பாத்ரூம் விஷயத்தில் ஒரு முடி அளவுகூட நான் சாயவில்லை. மேலே பாத்ரூம் தரையில் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, கீழே வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாயம் இறங்க நேரமாகும். அந்தப் பெண் டீ கொண்டுவந்தாள். ஒரு தரப்பார் கொடுக்கும் டீயை நான் குடிக்கக் கூடாது, உங்களிடம் குடித்தால் மேலேயும் குடிக்க வேண்டும், இரண்டையும் குடித்தால் என் வயிறு தனியாக ஒரு வழக்குப் போட்டுவிடும் என்றேன். வாய்விட்டுச் சிரித்தாள். எங்கப்பா மாதிரியே பேசறீங்க சார் என்றாள். கறை பட்ட துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். ஒவ்வொன்றும் யாருடையது, எதற்காகத் தைக்கக் கொடுத்தது, அதைச் சொல்லி அவர்களிடம் எப்படி வாங்கிக் கட்டிக்கொண்டாள் என்று, அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என் மகள் இருந்திருந்தால் அந்த வயசுதான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் சுவரில் இளஞ்சிவப்பாக ஒரு திட்டு பூத்தது. அவள் ஜெயித்துவிட்டாள் என்று எனக்கு அப்போதே தெரியும்.

மறுபடி மேலே போனேன். டாக்டர் என்னைப் பால்கனிக்குக் கூட்டிக்கொண்டு போனார். தலையெல்லாம் வெளுத்து, தனிக்கட்டையாக இருந்தார். எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே என்றார். எனக்கு அப்படித் தோணலையே டாக்டர் என்றேன். பெரிய பெரிய சிமெண்டுத் தொட்டிகளில் செடி வைத்திருந்தார். நடுவில் ஒரு சாய்வு நாற்காலி, அதன்மேல் பேப்பர். "சாயங்காலம் முழுக்க இங்கதான் சார். இந்த வீட்டுலயே எனக்குப் பிடிச்ச இடம் இதுதான்" என்றார்.

என் கை சும்மா இருக்காது. பையிலிருந்து சின்னச் சுத்தியலை எடுத்துத் தரையைத் தட்டினேன். கெட்டியாக இருந்தால் டங்கென்று கேட்கும். பொத்தென்று கேட்டது. சுவரும் தளமும் சேருகிற இடத்தில் நீளமாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. மெல்லிய தகடு ஒன்று எப்போதும் வைத்திருப்பேன், அதை விட்டுப் பார்த்தேன், வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. உங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்கிறேன். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளத்துக்குக் கம்பி மேல்பக்கமாக இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது வேலையாட்கள் அதன்மேல் நடந்து நடந்து கீழே அமுக்கிவிடுவார்கள். அப்புறம் அந்தக் கம்பி இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். இதில் விரிசல் வழியாக மழைத்தண்ணீர் இறங்கி, இருந்த கம்பியையும் துரு தின்றிருந்தது. மேலே தொட்டிகளின் பாரம் வேறு. ஒரு நல்ல மழை, மண் நனைந்து தொட்டிகள் கனத்தால் போதும். நீங்கள் கேட்கிற அறிக்கை இவ்வளவுதான். இதை நான் அன்றைக்கே மனசுக்குள் எழுதி முடித்துவிட்டேன்.

டாக்டர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சார் தட்டறீங்க என்றுகூட அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. அவர் உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். மேல் வீட்டில் தண்ணீர் குடிப்பதும் தப்புதான். குடித்தேன்.

அறிக்கை கொடுத்தேன். மூன்று கேள்விகளுக்கும் மூன்று பதில், அத்தனையும் சத்தியம். பால்கனி கேள்வியில் இல்லை. பதிலிலும் இல்லை. தையல்காரப் பெண் ஜெயித்தாள். டாக்டர் தகராறு செய்யாமல் பாத்ரூமைச் சரிசெய்து கொடுத்தார். அதன் பிறகு எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை, வானத்தைப் பார்ப்பதைத் தவிர. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தேன். சாயங்காலமானால் அந்தச் சாய்வு நாற்காலி ஞாபகம் வரும். அவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு அவர்மேல் மட்டும்தான் கண். கீழே யார் நடமாடுவார்கள் என்பதையெல்லாம் நான் யோசிக்கவே இல்லை.

மழை வந்தது. மறுநாள் காலையில் போன் அடித்தது. அந்தப் பெண்ணின் புருஷன். வழக்குச் சமயத்தில் வாங்கிய என் நம்பர் அவனிடம் இருந்தது. அந்த நேரத்தில் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் என்னைக் கூப்பிட்டிருக்கிறான், பாவம். பால்கனி விழுந்திடுச்சு சார் என்றான். நான் முதலில் கேட்ட வார்த்தை, டாக்டர்?

"அவர் நல்லாத்தான் இருக்கார் சார். இவதான் சார்... இவதான் கீழ நின்னுக்கிட்டிருந்தா."

போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தையல் மிஷினைச் சுவரோரமாக நகர்த்தி வைத்திருந்தார்கள், ஊசிக்கு அடியில் பாதி தைத்த துணி அப்படியே இருந்தது. புருஷன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். நியாயமான மனுஷன்னு உங்களை அடிக்கடி சொல்லுவா சார் என்றான். நான் கையை உருவிக்கொள்ளவில்லை. உருவினால் ஏன் என்று கேட்பானே.

வெளியே இடிபாட்டுக்குப் பக்கத்தில் டாக்டர் நின்றிருந்தார். நேற்று சாயங்காலம் மழையால் வெளியே உட்காரவில்லை, காலையில் மழை விட்டதும் வந்து உட்கார்ந்தேன், பேப்பர் படிக்கக் கண்ணாடி எடுக்க உள்ளே போனேன், அந்த நேரத்தில்தான் என்றார். அப்புறம் கேட்டார். "அன்னிக்கு நீங்க பார்த்தப்போ ஒண்ணும் தெரியலையா சார்?"

இந்தப் பதிலுக்காகத்தான் தம்பி நான் இத்தனை வருஷம் உயிரோடு இருந்தேன் என்று தோன்றியது.

"கேட்கவே இல்லையே டாக்டர். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றேன்.

அவர் முகத்தையே பார்த்தேன். ஞாபகம் வரும், அப்படியே இடிந்துபோவார் என்று பார்த்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "ஆமா, அதுவும் சரிதான். கேஸு பாத்ரூமைப் பத்தித்தானே" என்றார். அவருக்கு அது நியாயமாகவே பட்டது. நான் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. என் மகளையும் தெரியவில்லை. இப்போதும் அவர் மேல் வீட்டில்தான் இருக்கிறார்.

வீட்டுக்கு வந்தேன். மனைவிக்கு விஷயம் தெரிந்திருந்தது. அந்த வீட்டைப் பார்க்கப் போனது நீங்கதானே என்றாள். ஆமாம் என்றேன். மேல் வீட்டுக்காரர் யாரென்று அவளிடம் அதுவரை நான் சொல்லியிருக்கவில்லை. டிவி செய்தியில் பெயர் வந்திருந்தது. "உங்களுக்குத் தெரியாமயா இருந்திருக்கும்?" என்றாள். யாரும் கேட்கலை என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. இத்தனை வருஷம் எந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் அழுதோமோ, அதை என் வாயிலிருந்தே கேட்டால் எப்படி இருக்கும்? அவள் சண்டை போடவில்லை. சுவரில் இருந்த மகளின் போட்டோவைக் கழற்றி, சேலைக்கு நடுவில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அதோ, அந்த ஆணிதான். போட்டோ இருந்த இடத்தில் மட்டும் சுவர் வெளுப்பாக இருப்பதைப் பாருங்கள்.

என் மகள் போனபோதுகூட எனக்கு இப்படி நெஞ்சு உடையவில்லை. அப்போது சேர்ந்து அழுவதற்கு ஒரு ஆள் இருந்தாள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. சொன்னது தப்பென்று தெரிந்தால் உடனே திருத்த வேண்டும் என்றேனே, அதைச் செய்துவிடுகிறேன். கீழே யார் நடமாடுவார்கள் என்று யோசிக்கவே இல்லை என்று சற்று முன்னால் சொன்னேன். யாரும் கேட்கவில்லை என்று என் மனைவியிடமும் சொன்னேன். இரண்டும் சரியல்ல.

அன்றைக்கு மேலே வேலையை முடித்துக்கொண்டு இறங்கி வந்தேன். தையல்காரப் பெண் முற்றத்தில் கையில் ஒரு கயிற்றோடு நின்றிருந்தாள். உள்ளே ஈரத்தில் துணி காயவே மாட்டேன் என்கிறது, மழைக்கு மறைவாக இந்தப் பால்கனிக்கு அடியில் கட்டிக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன் என்றாள். அப்புறம் அண்ணாந்து பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே கேட்டாள். "மேல பலமாத்தானே சார் இருக்கு? தலையில விழுந்துடாதுல்ல?"

"அதெல்லாம் கேஸ்ல இல்லம்மா. ஒரு தரப்பார்கிட்ட நான் தனியா எதுவும் சொல்லக்கூடாது" என்றேன்.

சரி சார், உங்க சட்டம் உங்களுக்கு என்று சொல்லிவிட்டு ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டினாள். இன்னொரு முனைக்குச் சுவரில் ஒரு கொக்கி இருந்தது, பால்கனிக்கு நேர் கீழே. எம்பி எம்பிப் பார்த்தாள், அவளுக்குக் கை எட்டவில்லை.

நான்தான் கயிற்றை வாங்கிக் கட்டிக்கொடுத்தேன்.